பெல்ட்டை மாற்றினேன், பேரிங்கை விட்டேன்

டைமிங் பெல்ட்டை மாற்றாமல் இழுத்தடித்து எஞ்சினைக் கெடுத்துக்கொண்டவர்கள் கதை பினாங்கில் எந்தப் பசியாறும் கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழும். நான் அந்த ரகம் இல்லை. அறுவதற்கு முன்பே, யாரும் சொல்லாமலே, காசு கொடுத்து மாற்றியவன். பில்கூட இருக்கிறது. அப்படியும் 2019 தைப்பூசத்துக்கு முந்திய சனிக்கிழமை இரவு, பினாங்குப் பாலத்தின் நட்டநடுவில், மாமியாரையும் அவருடைய பால்குடத்தையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, என் காடி செத்தது.

அந்தப் பில்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

பாலத்தின் மேட்டில்

எங்கள் வீடு டத்தோ கெராமாட் பக்கம். மாமியார் வீடு சுங்கைப்பட்டாணி. அந்த ஆண்டு பூசம் ஜனவரி 21, திங்கள்கிழமை. ஞாயிறு காலை ரதம் புறப்பட்டுவிட்டால் ஜார்ஜ்டவுனுக்குள் காடியை அசைக்க முடியாது. அதனால் சனிக்கிழமையே அத்தையைக் கூட்டிவந்துவிடுவோம் என்று மனைவியும் நானும் கிளம்பிப் போனோம். திரும்பும்போது மணி எட்டு. பிறை டோலைத் தாண்டினால், தண்ணீர்மலைக்கு வருகிற கூட்டம் மொத்தமும் எனக்கு முன்னால் நிற்பதுபோல் இருந்தது.

என்னுடையது 2009 பெர்சோனா, 1.6, மேனுவல். பாலத்தின் நடுவில் கப்பல் போவதற்காக உயர்த்திக் கட்டிய மேடு இருக்கிறதல்லவா, அதில் மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். மேடு முடிகிற இடத்தில், பானெட்டுக்கு அடியில் ஈரத்துணியை உதறியதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை மிதித்தால் பதில் இல்லை. பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சிவந்தன. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக் முதல் இரண்டு மிதிக்கு அடங்கியது. மூன்றாவது மிதி மரக்கட்டையை மிதித்த மாதிரி இருந்தது.

மேட்டைத் தாண்டிவிட்டதால் காடி இறக்கத்தில் தானாக உருண்டது. அங்கே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். உருளும் வேகம் வீணாகக் கூடாதென்று இரண்டாவது கியரைப் போட்டு கிளட்சை விட்டேன், தள்ளு ஸ்டார்ட் போல. காடி ஒரு குலுக்கு குலுக்கியது, உயிர் வரவில்லை. இடது ஓரம் ஒதுங்கி நின்றதும் சாவியைத் திருப்பினேன். வழக்கமாக ஸ்டார்ட்டர் திணறித் திணறி, மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றும். அன்றைக்கு அது தையல் மெஷின் போல வழுக்கிக்கொண்டு 'விர்ர்' என்று ஓடியது. எஞ்சினுக்குள் அழுத்தமே இல்லை என்று அர்த்தம். அது தெரிந்தும் இன்னும் மூன்று தடவை திருப்பினேன். தெரிந்தும் செய்கிறவனை என்ன சொல்வது?

பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் காதை அறுத்துக்கொண்டு போயின. அத்தை பால்குடத்தை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, "முருகன்கிட்ட போற வழியில இப்படி ஆகுதுன்னா ஏதோ குறை இருக்கு மாப்பிள்ளை" என்றார். குறை இருந்தது. அது எஞ்சினின் பக்கவாட்டில், பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே, உள்ளங்கை அகலத்தில் இருந்தது.

இழுவை வண்டிக்கு இன்சூரன்ஸ் காகிதம் வேண்டும். மனைவி டேஷ்போர்டு அறையிலிருந்து பிளாஸ்டிக் கோப்பை எடுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஒரு தாளில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இன்சூரன்ஸ் காகிதத்தை எடுத்து நீட்டினாள். நான் அப்போது கவனிக்கவில்லை.

1985-ல் இந்தப் பாலத்தைத் திறந்தபோது அன்றைய பிரதமர் மகாதீர், அதே ஆண்டு வெளிவந்த புரோட்டோன் சாகாவைத் தானே ஓட்டிக் கடந்தார். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். முப்பத்து மூன்று ஆண்டு கழித்து அவர் மகன் அதே பாலத்தை ஒரு புரோட்டோனில் லோரியின் முதுகேறிக் கடந்தான். அப்பா இல்லை, நல்லவேளை.

பல்லுப் பட்டையும் கோலாட்டமும்

எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக.

கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். தாளம் தப்பாதவரை கோலும் கோலும் மோதும். தப்பினால் கோல் விரலில் விழும். எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் அப்படித்தான். இரண்டும் ஒரே இடத்தை முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. வால்வு கீழே இறங்கி வரும்போது பிஸ்டன் விலகியிருக்க வேண்டும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். கீழே கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம் ஒரு சுற்று. அந்தத் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பட்டை அறுந்தாலோ அதன் பல் உதிர்ந்தாலோ கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வின் தலையில் பிஸ்டன் இடிக்கும்.

எல்லா எஞ்சினிலும் இப்படி இடிக்காது. என்னுடையதில் இடிக்கும். புரோட்டோன் 2004-ல் ஜென்-2 காடியில் முதன்முதலில் கொண்டுவந்த கேம்ப்ரோ எஞ்சின், 16 வால்வு, அந்த ரகம். பெர்சோனாவும் 2008-ல் வந்த சாகாவும் அதே குடும்பம். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டு வாசலில் அதில் ஒன்று நிற்கும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மைவி வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு பெல்ட் இல்லை, செயின், அது உண்மைதான். ஆனால் எஞ்சின் ஆயிலை நேரத்துக்கு மாற்றாதவனுக்கு செயினும் காலை வாரும். நீண்டு தொங்கிப்போய், காலையில் ஸ்டார்ட் செய்ததும் தகரத்தில் கல் போட்டுக் குலுக்கியது போல் சத்தம் போடும். என் மச்சானின் மைவி அப்படித்தான் கத்துகிறது. அவன் அதை எஞ்சினின் 'கெத்து' என்கிறான்.

அந்த மச்சான்

மச்சான் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2016 அக்டோபரில் காடி 92,400 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முந்திய முதலாளி பெல்ட்டை மாற்றிவிட்டதாகச் சொல்லித்தான் விற்றார். ஆனால் எஞ்சின் மூடியில் ஒட்டுச்சீட்டும் இல்லை, பில்லும் இல்லை. பெல்ட் மாற்றும் போர்மன்கள் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி ஒட்டிவிடுவது வழக்கம். சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அந்த ஒரு முடிவில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு.

எங்கே மாற்றுவது என்று கேட்டதற்கு மச்சான் ஒரு போர்மனைக் காட்டினான். பெயரும் இடமும் வேண்டாம். "மலிவா செய்வான் மச்சான். ஆனா ஒண்ணு, பெல்ட்ட மட்டும் மாத்து. டென்ஷனர், ஐட்லர், பேரிங்குன்னு நீட்டுவானுங்க. அதெல்லாம் போர்மன் பொழைக்கிற வழி."

டென்ஷனர் பேரிங் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற உருளை. ஐட்லர் அதற்கு வழிகாட்டுகிற உருளை. இரண்டும் பெல்ட்டோடு சேர்ந்தே ஓடுகின்றன, பெல்ட் ஓடுகிற அத்தனை கிலோமீட்டரும். அன்றைக்கு இரண்டும் சேர்த்து 140 வெள்ளி சொன்னார் போர்மன். பெல்ட்டும் கூலியும் 180 வெள்ளி. மொத்தம் 320. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவில்லை. பலகாரச் சாமான் வாங்கவில்லை. வீட்டில் கேட் வேறு பெயின்ட் கேட்டது. உங்கள் வீட்டிலும் தீபாவளிக்கு முந்திய வாரம் 140 வெள்ளி என்றால் என்ன என்று தெரியும்.

180 கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த 27 மாதம், 38 ஆயிரம் கிலோமீட்டர், காடி பிரமாதமாக ஓடியது. புது பெல்ட் என்ற தைரியத்தில் சுங்கைப்பட்டாணிக்கும் ஈப்போவுக்கும் போய்வந்தேன். பெல்ட் புதிதுதான். அது சுற்றிவந்த உருளைகளுக்கு 2019-ல் வயது பத்து.

போர்மனுக்கு விட்ட திட்டு

பூசம் முடிந்து செவ்வாய்க்கிழமை, ஜெலுத்தோங்கில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பக்க மூடியைக் கழற்றினார்கள். டென்ஷனர் பேரிங் ஊதா பூத்துக் கருத்துக் கிடந்தது. உள்ளே கூண்டு உடைந்து, குண்டுகள் ஒருபக்கமாக ஒதுங்கி, உருளை இறுகி நின்றுவிட்டிருக்கிறது. நின்ற உருளைமேல் உரசி உரசி பெல்ட்டின் ஓரம் திரிந்து நூல் நூலாகத் தொங்கியது. ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை, பழைய சீப்பு மாதிரி. மற்ற இடமெல்லாம் புதுசு. பெல்ட்டின் முதுகில் கம்பெனி எழுத்துகூட அழியவில்லை.

ஹெட்டைக் கழற்றியதும் வால்வுகளை எண்ணினார்கள். பதினாறில் பதினொன்று வளைந்திருந்தது. பிஸ்டன் தலைகளில் நகம் பதிந்ததுபோல் பிறைத் தடங்கள். இரண்டு பிஸ்டன்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரட்டைத் தடம். "ஒண்ணு தானா இடிச்சது, இன்னொண்ணு நீங்க இடிக்க வெச்சது" என்றார் அந்த ஒர்க்‌ஷாப்காரர், நான் பாலத்தில் போட்ட தள்ளு ஸ்டார்ட் கதையைக் கேட்டுவிட்டு.

வால்வு, கேஸ்கட், ஹெட் மட்டம் தட்டியது, பெல்ட் செட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,350 வெள்ளி. அது சீனப் புத்தாண்டுக்கு முந்திய நேரம். ஊருக்குப் போகிறவன் காடி எல்லாம் வரிசையில் எனக்கு முன்னால். ஒன்பது வேலைநாள் காடி இல்லை. பாயான் லெப்பாஸுக்குப் போக வர கிராப் 360 வெள்ளி. ஆக 2,710. மிச்சம் பிடித்தது 140. பத்தொன்பது மடங்குக்கு மேல். இந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று கேட்காதீர்கள்.

பேரிங்கைப் பார்த்த அன்றைக்கே பழைய போர்மனுக்கு போன் போட்டேன். இருபது வருடம் இயந்திரத்தோடு வேலை செய்கிறவனிடமே இப்படியா, பழைய பேரிங்கை உள்ளே விட்டு எப்படி மூடினாய், உன்னை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேனே என்று ஐந்து நிமிடம் பொரிந்து தள்ளினேன். ஒர்க்‌ஷாப் வாசலில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் இடையில் பேசவே இல்லை. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்: "பாஸ், பில் தெங்கோ லா." பில்லைப் பாருங்கள் என்று. நழுவுகிறான் என்று நினைத்து போனை வைத்தேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அந்த ஒர்க்‌ஷாப் பக்கம் போகாதே என்று சொல்லித் திரிந்தேன்.

அந்தப் பில்

காடி வீட்டுக்கு வந்த அன்றிரவு, சாப்பிட்டு முடித்ததும், மனைவி ஒரு மஞ்சள் தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். 2016 அக்டோபர் பில். முதல் வரி, டைமிங் பெல்ட். இரண்டாவது, கூலி. மூன்றாவது வரியில் பால்பாயின்ட் பேனாவால், சாய்ந்த எழுத்தில்: டென்ஷனர், ஐட்லர் – கஸ்டமர் தக் மாவ். கஸ்டமர் வேண்டாம் என்றார். அதற்கு நேரே விலை எழுதும் கட்டத்தில் ஒரு கோடு. கீழே என் கையெழுத்து.

"பாலத்துலயே பாத்தேன்" என்றாள். "அப்ப சொல்லலாமா?"

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. மறக்கவில்லை, ஒதுக்கி வைத்திருந்தேன். அன்று அந்தப் போர்மன் பழைய டென்ஷனரைக் கழற்றி, துணியால் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். "துக்கார் செகாலி, பாஸ்?" என்று கேட்டார், சேர்த்து மாற்றிவிடலாமா என்று. நான் அதை விரலால் சுண்டிவிட்டேன். பம்பரம் போலச் சுற்றியது. நிற்கவே இல்லை. "நல்லாத்தானே சுத்துது" என்று திருப்பிக் கொடுத்தேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் இதன் அவமானம் உங்களுக்குப் புரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில், பராமரிப்புப் பிரிவில் வேலை. கன்வேயர் மோட்டார்களின் பேரிங்கை அட்டவணைப்படி, கெடுவதற்கு முன் மாற்றுவது என் வேலை. அதற்குத்தான் சம்பளம். புதுப் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான்: மூடிய பேரிங்கைக் கையில் வைத்துச் சுண்டினால், உள்ளே கிரீஸ் இருக்கிறவரை அது மந்தமாக, சத்தமில்லாமல் சுற்றி உடனே நின்றுவிடும். பம்பரமாகச் சுற்றுகிறது என்றால் கிரீஸ் வற்றிவிட்டது, குப்பையில் போடு. நன்றாகச் சுற்றுவதுதான் கெட்டது. இதைப் பத்துப் பதினைந்து பையன்களுக்குச் சொல்லியிருப்பேன். என் கையில் என் பேரிங் பம்பரமாகச் சுற்றியபோது, நல்லாத்தானே சுத்துது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையில் மாற்றுவது கம்பெனிக் காசு. அங்கே என் கண் பேரிங்கைப் பார்க்கும். ஒர்க்‌ஷாப்பில் என் கண் 140 வெள்ளியைப் பார்த்தது. மச்சான் வேறு காதில் ஓதி வைத்திருந்தான். அவன்மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் பேரிங்கைச் சுண்டியது அவன் விரல் இல்லை.

மீட்டரில் ஏறாத கிலோமீட்டர்

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. எப்போது மாற்றுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். காடியின் கையேட்டில் போட்டிருக்கிற எண்தான் சட்டம். அதற்கு மேல் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: 80 ஆயிரம் கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், எது முதலில் வருகிறதோ அது. கையேடு இன்னும் சீக்கிரம் மாற்றச் சொன்னால் கையேடு. ரப்பருக்கு கிலோமீட்டர் தெரியாது. சூடும் வயதும்தான் தெரியும்.

பினாங்கில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. சாயங்காலம் துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில், பாலத்துக்குப் பிரிகிற இடத்துக்கு முன்னால் 45 நிமிடம் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினாலும் 36,000 சுற்று ஆகிவிடும். என் காடி மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது சுமார் 3,000 சுற்று. அதாவது கிலோமீட்டருக்கு 1,800. அப்படியானால் நின்ற இடத்திலேயே பெல்ட் 20 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மாதம் 25 நாள் என்றால் 500 கிலோமீட்டர், வருடத்துக்கு 6,000. மீட்டரில் ஒன்றுகூட ஏறாது. ஐந்து வருடத்தில் 30 ஆயிரம். மீட்டரை மட்டும் பார்த்து பெல்ட்டுக்கு நாள் குறிக்கிறவர்கள் இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சத்தம் வந்தால் மாற்றுவேன் என்பவர்களுக்கு: பெல்ட் பெரும்பாலும் சத்தம் போடாமலே அறும். பேரிங் சில நேரம் எச்சரிக்கும். காலையில் சில்வண்டு போல ஒரு ஊளை, எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். என் காடியில் 2018 கடைசியில் அது கேட்டது. ஏர்கோன் பெல்ட் என்று நினைத்து ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்.

செலவைப் பற்றி ஒரே விஷயம். பெல்ட்டை எடுக்க எஞ்சினுக்கு அடியில் ஜாக் கொடுத்து, ஒரு பக்கத்து மவுன்டிங்கைக் கழற்றி, புல்லி, மூடி எல்லாம் எடுத்தாக வேண்டும். கூலி அதற்குத்தான். அந்த நிலையில் பேரிங் மாற்றக் கூடுதல் கூலி ஏறக்குறைய இல்லை. சாமான் விலை மட்டும்தான். பிறகு தனியாக மாற்றப் போனால் மொத்தக் கூலியும் மறுபடி. ஆகவே பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றும் ஒரே நாளில். கேம், கிராங்க் முனையில் ஆயில் சீல் கசிகிறதா என்று பார்த்து அதையும் மாற்றுங்கள். ஆயில் பட்ட ரப்பர் ஊறிப் பல் உதிரும். சில காடிகளில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. அப்படியானால் அதுவும்.

மற்றதெல்லாம் போர்மன் வேலை. அடையாளக் குறிகளை நேராக்குவது, பழைய பெல்ட்டை எடுப்பது, புதியதை மாட்டுவது, இழுவை பார்ப்பது. நீங்கள் தலையிட வேண்டாம். ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். மாட்டி முடித்ததும், சாவியைத் தொடுவதற்கு முன், கிராங்கை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நல்ல போர்மன் சொல்லாமலே செய்வார். குறி ஒரு பல் தள்ளி நின்றால் கையில் தெரிந்துவிடும். சாவியில் தெரிந்தால் ஆயிரக்கணக்கில் செலவு.

பழைய எஞ்சினைத் தூக்கிப்போட்டு ஹாஃப் கட் எஞ்சின் வையுங்கள், செலவு ஏறக்குறைய அதேதான் என்று என்னிடமும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எஞ்சின் எண் மாறினால் ஜே.பி.ஜே., சோதனை என்று அலைச்சல். அதைவிட, பொத்தோங் கடையில் கிடக்கிற எஞ்சினுக்குள் எந்த வயது பெல்ட், எந்த வயது பேரிங் என்று யாருக்குத் தெரியும்? ஒருமுறை தெரியாமல் ஏமாறினால் பாவம் என்பார்கள். இரண்டாம் தடவை நம் பெயரைத்தான் சொல்வார்கள்.

ஓட்டத்தில் எஞ்சின் திடீரென்று நின்றுபோய், ஸ்டார்ட்டர் வழுக்கிக்கொண்டு சுற்றினால், சாவியை விடுங்கள். தள்ளு ஸ்டார்ட் கூடவே கூடாது. விளக்கை மினுக்கவிட்டு, இழுவை வண்டியைக் கூப்பிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். வால்வு வளைந்தது வளைந்ததுதான். நிமிர்த்த உங்கள் சாவியால் ஆகாது.

கடைசியாக, பில்லைப் பத்திரமாக வையுங்கள். அது போர்மனை மடக்க உதவும் என்று நினைத்துத்தான் நானும் வைத்திருந்தேன்.

2023 டிசம்பர்

இடையில் 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. காடி மாதக்கணக்கில் வாசலில் நின்றது. அதனால் 2019-ல் மாட்டிய பெல்ட் ஐந்தாவது வருடம் முடிகிறபோது 55 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. இன்னும் 25 ஆயிரம் மிச்சம் இருக்கிறதே, நின்ற காடிக்கு என்ன தேய்மானம் என்று மச்சான் கேட்டான். நின்றாலும் ரப்பருக்கு வயதாகிறது மச்சான், உனக்கும் எனக்கும் ஆகிற மாதிரி என்றேன்.

மாற்றுவதற்கு அந்தப் பழைய போர்மனிடமே போனேன். ஏன் என்று மனைவி கேட்கவில்லை. மனிதர் நரைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாசகம் யோசித்துக்கொண்டு போனவன், அங்கே போனதும் "செமுவா துக்கார், அங்கிள்" என்றேன். எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்று. என் வாயில் வந்தது அவ்வளவுதான். அவர் தலையாட்டிவிட்டு பில் புத்தகத்தை எடுத்து, பெல்ட், டென்ஷனர், ஐட்லர், இரண்டு சீல் என்று வரிவரியாக எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு கட்டத்திலும் கோடு இல்லை. விலை பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

கழற்றிய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். நானும் கேட்டேன். பழைய டென்ஷனரைத் துணியால் துடைத்து, ஏழு வருடத்துக்கு முன் வைத்ததுபோலவே, என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டினேன். மந்தமாக ஒரு சுற்று சுற்றி, சத்தமே இல்லாமல் நின்றது. உள்ளே கிரீஸ் அப்படியே இருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஓடியிருக்கும்.

வீண் செலவு என்று மனசு சொன்னது. மறுபடியும் சுண்டிப் பார்த்தேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.